மூழ்கிய கலங்களும் பண்டைக் கிரேக்கரும்

கிரேக்கர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவருள் பலருக்கு நினைவில் எழுவன திராய் நகரத்துப் போரும், ஏதென்ஸின் கோயில்களும், சாக்ரடீஸ் அருந்திய நஞ்சுக் கிண்ணமுமேயாம். ஆயினும் கிரேக்கரின் வாழ்வில் பாதி கடலோடு பிணைந்தது என்று கூறுதல் மிகையாகாது. மலைகளால் துண்டுபட்ட அந்நாட்டில் ஊரினின்று ஊருக்குச் செல்லத் தரைவழியினும் நீர்வழியே எளிது. கருங்கடற் கரையிலிருந்து ஸ்பெயின் நாட்டுக் கரைவரை அவர்தம் குடியேற்றங்கள் பரவியிருந்தமையால், குளத்தைச் சுற்றி வாழும் தவளைகளுக்குத் தம் இனத்தாரை ஒப்பிட்டார் பிளேட்டோ. அக்குளத்தில் மூழ்கிய கலங்கள் எண்ணில. அவற்றைப் பற்றிக் கிரேக்கர் எழுதிவைத்தது யாது, அவர்கள் எழுதாமல் விட்டதைக் கடலடி நமக்கு எவ்வாறு எடுத்துரைக்கின்றது என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

கடலைக் கொண்டு வாழ்ந்த இம்மக்கள் கடலை நம்பினாரல்லர். உழவர் புலவரான ஹெஸியோத் தம் சகோதரனுக்கு உரைக்கும் அறிவுரையில், வேனிற் காலத்தில் சூரியன் வடகோடி எய்தித் திரும்பிய பின்வரும் 50 நாட்களே கலம் செலுத்தத் தக்க காலம் என்று வரையறுக்கின்றார். இளவேனிலிலும் சிலர் செல்வதுண்டு; ஆனால் பொருளாசையே அவர்களை அவ்வாறு துரத்துகின்றது என்பது அவர் கருத்து. இவ்வளவும் கூறியவர் எத்துணைக் கடல் கண்டவர் என்று வினவினால் விடை சற்று நகைப்பூட்டும். ஆலிஸ் துறையிலிருந்து எதிரே தோன்றும் யுபியா தீவுக்கு ஒருமுறை சென்றதன்றித் தாம் கடலேறியதே இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கின்றார். அத்துறையினின்று அக்கரை கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. அவருடைய தந்தையோ வறுமையால் கடலோடிப் பிழைத்து, இறுதியில் ஆசியக் கரையிலிருந்த தம் ஊரை விட்டுப் போந்து மலையடிவாரத்தில் நிலம் தேடிக் கொண்டவர். ஆகவே அம்முதியவரின் அச்சமே மகனுடைய பாட்டில் ஒலிக்கின்றது என்று நாம் கொள்ளலாம்.

இப்பருவ வரம்பு புலவரின் கற்பனையன்று. கூதிர் தொடங்கியபின் அக்கடலில் மேகம் மூடும். சூரியனும் நட்சத்திரங்களும் மறையும். திசையறி கருவி இல்லாத மாலுமிக்கு அவையே வழிகாட்டிகள். பன்னூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலை மாறவில்லை என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரம் சான்று. பவுல் ஏறிச்சென்ற அலெக்சாந்திரியக் கோதுமைக் கலத்தில் 276 பேர் இருந்தனர். பருவம் கடந்து புறப்பட்டமையே அதன் கேட்டிற்குக் காரணம். பண்டைக் கடற்பயணத்தைக் குறித்து நமக்குக் கிடைத்துள்ள நேர்முக வர்ணனைகளுள் அவ்வதிகாரம் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. கலத்தைக் கயிற்றால் சுற்றிக் கட்டியதும், ஆழம் பார்த்ததும், நங்கூரங்களை அறுத்துவிட்டதும் கப்பற்றொழிலறிந்தார் கண்டு மெச்சும் வண்ணம் அதில் சொல்லப்பட்டுள்ளன.

கடலில் மடிதல் கிரேக்கருக்கு இருமடங்கு துயரம். உடல் அடக்கம் பெறாதவனுடைய ஆவி மறுமையுலகின் வாயிலில் இடம் கிடையாது அலையும் என்று அவர்கள் நம்பினர். ஆதலின் கடலில் மறைந்தவனுக்குக் கரையில் வெறுங் கல்லறை எழுப்பிப் பெயரைப் பொறித்துவைத்தனர். இந்நம்பிக்கை எத்துணை வலியது என்பதைக் காட்ட ஏதென்ஸின் சரித்திரத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அதனை விரிவாகவே கூறவேண்டும்.

கி.மு. 406ஆம் ஆண்டில், லெஸ்பாஸ் தீவின் அருகே ஆர்கினூஸே என்னுமிடத்தில் ஏதென்ஸின் கடற்படை ஸ்பார்த்தரைப் பெரும்போரில் வென்றது. வெற்றி பெற்றும் ஏதென்ஸ் 25 கலங்களை இழந்தது. போர்க்கலம் ஒன்றில் ஏறக்குறைய 200 பேர் இருப்பர். உடைந்த கலங்களைப் பற்றிக்கொண்டு பலர் இன்னும் மிதந்துகொண்டிருந்தனர். அவர்களைக் காக்கும் பணியை 47 கலங்களுடன் தெராமினிஸ் முதலிய கலத் தலைவர்களிடம் ஒப்புவித்துவிட்டுத் தளபதிகள் எஞ்சிய பகைவரைத் தேடிச் செல்ல எண்ணினர். அதற்குள் புயல் எழுந்தது. இரண்டு வேலையும் நடைபெறவில்லை. மிதந்தோர் அனைவரும் கைவிடப்பட்டனர்.

ஏதென்ஸில் வெற்றிக் களிப்பு விரைவில் சினமாக மாறிற்று. போரிட்ட தளபதியர் எண்மருள் இருவர் நாடு திரும்பவே அஞ்சி ஒதுங்கினர். அறுவர் வந்து சபைமுன் நின்றனர். மீட்கும் பொறுப்பை ஏற்றிருந்த தெராமினிஸே அவர்களைக் குற்றஞ்சாட்டுவோருள் முன்னணியில் நின்றது இவ்வழக்கின் விந்தை. மாவு மிடா ஒன்றைப் பற்றி மிதந்து பிழைத்ததாகக் கூறிய ஒருவன் சபையில் தோன்றி, நாட்டுக்காக உயிர்கொடுத்தோரைத் தளபதிகள் எடுத்தேற்றவில்லை என்று உரைக்கும்படி மூழ்கிக்கொண்டிருந்தவர்கள் தன்னிடம் சொல்லியனுப்பினர் என்றான். இதனை ஸெனோபன் எழுதிவைத்துள்ளார். அறுவரையும் தனித்தனியே விசாரியாமல் ஒரே வாக்கெடுப்பால் தீர்ப்பதென்பது சட்டத்திற்கு மாறு. அன்று சபையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ் அதற்கு இசைய மறுத்தார். கூட்டத்தின் கூச்சலுக்கும் அச்சுறுத்தலுக்கும் மற்றையோர் பணிந்துவிட்டனர். அறுவரும் கொல்லப்பட்டனர். அவருள் ஒருவர் பெரும்புகழ் பெற்ற பெரிக்கிளீஸின் மகனார். பின்னர் மக்கள் இரங்கினர் என்றும் ஸெனோபன் கூறுகின்றார். ஆனால் தேர்ந்த தளபதியரைத் தன் கையாலேயே கொன்ற நகரம் மறு ஆண்டே தன் கடற்படை முழுவதையும் இழந்தது; கி.மு. 404இல் பகைவரிடம் சரணடைந்தது. தளபதிகளின்மேல் குற்றம் உண்டோ இல்லையோ, நீரில் கைவிடப்பட்டவரின் உறவினர் கொண்ட துயரம் பொய்யன்று என்பதை நாம் மறத்தலாகாது.

போர்க்கலங்களை விடுத்து வணிகக் கலங்களை நோக்குவோம். ஏதென்ஸ் தன் உணவுத் தானியத்தின் பெரும்பகுதியைக் கடல்கடந்தே பெற்றது. அவ்வணிகத்திற்கு முதல் கொடுத்தோர் ஒரு விசித்திரமான கடன் முறையைக் கையாண்டனர். கலம் பத்திரமாகத் திரும்பினால் கடனும் வட்டியும் செலுத்தப்பட வேண்டும். கலம் மூழ்கினால் கடன் வாங்கியவன் ஒரு காசும் கொடுக்கவேண்டுவதில்லை. இழப்பு முழுவதும் கடன் கொடுத்தவனைச் சாரும். இத்தகைய ஒப்பந்தம் ஒன்றன் வாசகம் டெமொஸ்தனிஸின் பெயரால் வழங்கும் நீதிமன்றப் பேச்சொன்றில் அப்படியே கிடைத்துள்ளது. மெந்தே ஊரின் திராட்சை மது 3,000 சாடிகளை ஏற்றிக் கருங்கடலுக்குச் சென்று மீள்வதற்காக 3,000 திராக்மா கடன். வட்டி ஆயிரத்துக்கு 225. சுவாதி நட்சத்திரம் விடியலில் உதிக்கும் புரட்டாசியை ஒட்டிய காலம் கழிந்து கருங்கடலினின்று திரும்பப் புறப்பட்டாலோ வட்டி ஆயிரத்துக்கு 300. ஹெஸியோத் பாட்டாகப் பாடிய அச்சத்தை இவர்கள் கணக்காக எழுதிவிட்டனர் என்னலாம்.

சட்டம் உண்டானால் அதனைச் சுற்றிச் செல்லும் சூழ்ச்சியும் உண்டாகுமன்றோ? ஹெகெஸ்திராதஸ் என்னும் கலத்தலைவன் தன் கூட்டாளியுடன் சேர்ந்து ஸிராக்யூஸ் நகரில் பலரிடம் கடன் வாங்கி, அப்பணத்தை மஸ்ஸாலியாவிலுள்ள தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பின் கலம் கரையினின்று இரண்டு மூன்று நாட் பயணத் தொலைவு சென்றதும், இரவில் கீழ்த்தட்டில் இறங்கி அடிப்பலகையை வெட்டத் தொடங்கினான். கலம் மூழ்கினால் கடன் ஒழியும் என்பது அவன் எண்ணம். ஓசை கேட்டு மற்றவர் ஓடிவரவே, அவன் பின்னே கட்டியிருந்த சிறு படகை நோக்கி இருளில் குதித்தான். படகு தவறி நீரில் வீழ்ந்து மாண்டான். கலமோ சேதமுற்ற நிலையிலும் கெபலேனியா தீவை அடைந்து பிழைத்தது. வழக்கில் ஒரு கட்சியார் சொன்ன கதை இது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இக்கடன் முறை பிற்காலத்தில் நம் கடல்வரை எட்டிற்று. வியன்னா நூலகத்தில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, சேரநாட்டு முசிறித் துறைக்குச் செல்லும் வணிகத்திற்காகச் செய்துகொண்ட கடல் கடனைப் பற்றியது. அதன் மறுபுறத்தில் ஹெர்மபொல்லோன் என்னும் கலம் கொணர்ந்த யானைத் தந்தமும் நறுமணப் பொருளும் விலையிட்டு எழுதப்பட்டுள்ளன. நம் இலக்கியம் கூறும் யவனர் எத்தகைய கணக்கோடு இங்கு வந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நிற்க. நூல்களும் வழக்குரைகளும் கூறுவன இவை. ஆனால் அக்கலங்கள் எங்ஙனம் கட்டப்பட்டன, அவற்றில் எத்தனை பேர் சென்றனர், அவர்கள் எதனை உண்டனர் என்று கேட்டால் நூல்கள் பெரும்பாலும் வாய் திறவா. அதற்கு விடை 1960களில் சைப்ரஸ் தீவின் வடகரையில், கிரேனியா என்னும் ஊரை அடுத்த கடலடியில் அகப்பட்டது. அவ்வூரைச் சேர்ந்த ஒரு முக்குளிப்பவர் கண்டு தெரிவிக்க, மைக்கேல் கட்ஸெவ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தலைமையில் 1968, 1969ஆம் ஆண்டுகளில் அது தோண்டியெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில், சேறு மூடியமையால் மரம் மட்காது கிடந்த அக்கலத்தின் நீளம் 14 மீட்டர் அளவே. அதன் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதி.

நம் காலத்து மரக்கலத் தச்சர் பலர் முதலில் அடிமரத்தின்மேல் விலாமரங்களை நிறுத்தி, பின்னரே அவற்றின்மீது பலகை அறைவர். கிரேனியாக் கலத்தைக் கட்டியோர் இதற்கு நேர்மாறாகச் செய்தனர். பலகையின் விளிம்பில் நெருக்கமாகத் துளைகள் குடைந்து, அவற்றில் மரநாக்குகளைச் செருகி, அடுத்த பலகையை அவற்றின்மேல் பொருத்தி, இருபுறமும் மரமுளை அறைந்து இறுக்கினர். இவ்வாறு கலத்தின் ஓடு முழுவதும் உருவான பின்னரே விலாமரங்கள் உள்ளே வைக்கப்பட்டன. ஒடிஸியஸ் தனக்குத் தெப்பம் செய்யும் பகுதியில் ஹோமர் கூறும் முளைகளும் பிணைப்புகளும் எவை என்பதில் உரையாசிரியர்கள் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். கலத்தச்சரின் இவ்வழக்கத்தைக் கண்டபின் அவ்வடிகள் விளங்கின. அக்கலம் மூழ்கும்போது பழையது. பலமுறை பழுதுபார்த்து, அடிப்புறத்தில் ஈயத்தகடு போர்த்துக் காலம் கழித்தது.

அதிலிருந்தவை: ஏறக்குறைய 400 சாடிகள், பெரும்பாலும் ரோட்ஸ் தீவினவை, திரிகைக் கற்கள் 29, சுமார் 9,000 வாதுமைக் கொட்டைகளின் ஓடுகள். உண்கலங்களும் குவளைகளும் மரக்கரண்டிகளும் நந்நான்காகக் கிடைத்தமையால் மாலுமிகள் நால்வர் என்று உய்த்துணர்ந்தனர். சமைக்க அடுப்பு இல்லை. ஆதலின் மாலையில் கரையொதுங்கி மணலில் தீ மூட்டி உண்டிருப்பர். கலத்தின் புறத்தே ஈட்டி முனைகள் சிலவும் அகப்பட்டமையால் கொள்ளையர் கைப்பட்டு மூழ்கியிருக்கலாம் என்று கருதுவோர் உளர். அந்நால்வரின் பெயரை எந்நூலும் கூறவில்லை. ஆயினும் அகில்லீஸைக் காட்டிலும் இவர்களையே நாம் அருகில் காண்கின்றோம். எத்தனை கரண்டி வைத்திருந்தனர் என்பதுவரை தெரிகின்றதன்றோ? 1985இல் பழைய முறைப்படியே கட்டி நீரில் இறக்கிய மறுபடிக் கலம் மறு ஆண்டு பிரேயஸிலிருந்து சைப்ரஸ்வரை சென்று சேர்ந்தது.

இனிக் கிரேக்க நாட்டின் தென்கோடிக்கு வருவோம். அங்குள்ள மலேயா முனை மாலுமிகளுக்கு எமன். ஒடிஸியஸை வழிதவறச் செய்ததும் அதுவே. அம்முனையைச் சுற்றப் புறப்படுகிறவன் வீட்டு நினைவை விட்டுவிட வேண்டியதுதான் என்னும் பொருளில் ஒரு வழக்கு இருந்ததை ஸ்திராபோ குறித்துள்ளார். முனைக்கும் கிரேத்தா தீவுக்கும் இடையே கித்தேரா, ஆண்டிகித்தேரா என்னும் இரு தீவுகள் உள்ளன. கிழக்கினின்று இத்தாலிக்குச் செல்லும் கலங்கள் இவ்விடைவெளியில் நுழைந்தாக வேண்டும். கி.மு. 86இல் ஏதென்ஸைச் சூறையாடிய ரோமத் தளபதி ஸுல்லா அனுப்பிய கலம் ஒன்று, ஸ்யூக்ஸிஸ் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்துடன் மலேயாவை ஒட்டி மூழ்கியதாக லூஸியன் எழுதுகின்றார்.

1802ஆம் ஆண்டு செப்டம்பரிலும் அதே நீரில் அதே செயல் நிகழ்ந்தது. துருக்கிய அரசிடம் ஆங்கிலத் தூதராயிருந்த எல்ஜின் பிரபு பார்த்தனன் கோயிலினின்று பெயர்த்தெடுத்த சிற்பங்களுள் சில பெட்டிகளை ஏற்றிய மெண்டார் என்னும் அவருடைய கலம் கித்தேராவின் பாறையில் மோதி மூழ்கிற்று. மாலுமிகள் பிழைத்தனர். சிமி, கலிம்னாஸ் தீவுகளின் கடற்பஞ்செடுப்போர் மூச்சடக்கி மூழ்கி, இரண்டாண்டுகள் உழைத்து அக்கற்களை மேலேற்றினர். அவை லண்டன் சென்று இன்றும் பிரிட்டிஷ் மியூஸியத்தில் உள்ளன. எவருடைய பொருளை எவர் பொருட்டு அவர்கள் எடுத்தனர் என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

சிமித் தீவினர்க்கே மற்றொரு கலத்தைக் கண்டெடுக்கும் பேறும் வாய்த்தது. 1900ஆம் ஆண்டு இளவேனிலில் திமித்ரியோஸ் கொந்தோஸ் என்பவரின் கடற்பஞ்சுப் படகு புயலுக்கு அஞ்சி ஆண்டிகித்தேராவில் ஒதுங்கியது. நீருடை அணிந்து ஏறக்குறைய 45 மீட்டர் ஆழம் இறங்கிய எலியாஸ் ஸ்தாதியாதிஸ் நடுங்கிக்கொண்டே மேலே வந்து, மனிதப் பிணங்களும் குதிரைப் பிணங்களும் குவியலாகக் கிடக்கின்றன என்றார். தலைவர் தாமே இறங்கிப் பார்த்து, மேலே வரும்போது வெண்கலத்தாலான கை ஒன்றைக் கொணர்ந்தார்! அவை பிணங்களல்ல, சிலைகள்.

அரசாங்கம் கடற்படைக் கப்பலை உதவிக்கு அனுப்ப, அவ்வாண்டு இறுதி முதல் 1901வரை வேலை நடந்தது. ஆழத்தினின்று விரைந்து மேலேறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் தோன்றி உடலை முடக்கும் என்பதை அத்தொழிலாளர் அறிந்திலர். ஒருவர் இறந்தார், இருவர் முடமாயினர். அவர்கள் விலைகொடுத்துப் பெற்றுத்தந்தவை இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்பொருட் சாலையில் உள்ளன. வெண்கல இளைஞன் ஒருவன் அழியா அழகுடன் நிற்கின்றான். சலவைக்கல் உருவங்களோ பரிதாபமானவை. மணலுள் புதைந்த பகுதி நேற்றுச் செதுக்கியது போல் மிளிர, நீரில் நின்ற பகுதி கடற்பூச்சிகள் அரித்துப் புற்றுப்போல் ஆகிவிட்டது. ஒரே உருவில் இவ்விரண்டையும் காணலாம்.

வெண்கலத்தைப் பற்றி ஒரு சொல். கிரேக்கச் சிற்பிகள் பெரிதும் போற்றியது கல்லையன்று, வெண்கலத்தையே. நிலத்தில் நின்ற வெண்கலச் சிலைகளைப் பின்வந்தோர் உருக்கி நாணயமும் படைக்கலமும் செய்துகொண்டனர். டெல்பியில் நிலநடுக்கத்தால் புதையுண்டு 1896இல் வெளிப்பட்ட தேரோட்டி போன்ற சிலவே தப்பின. அர்த்தெமிஸியத்துக் கடவுள், 1972இல் இத்தாலியின் ரியாச்சேயில் கிடைத்த வீரர் இருவர், மேற்கூறிய இளைஞன் ஆகிய எல்லாரும் கடல் தந்தவர்கள். கலம் மூழ்கியபோது இழப்பு என்று அழுதிருப்பர். கரை சேர்ந்திருந்தால் இவை என்றோ உலையில் இட்டு உருக்கப்பட்டிருக்கும்.

1902ஆம் ஆண்டில் வலேரியோஸ் ஸ்தாயிஸ், ஆண்டிகித்தேராவினின்று வந்த பொருள்களிடையே பாசி படிந்த ஒரு கட்டியில் பல்சக்கரம் இருத்தலைக் கண்டார். அதனைப் பலர் நம்பவில்லை. கிரேக்கர் சிந்தனையில் வல்லவர், கைத்தொழிலை இகழ்ந்தவர் என்பது அந்நாளைய கொள்கை. 1950களில் டெரெக் டி ஸோல்லா பிரைஸ் ஆராயத் தொடங்கினார். 2005இல் ஊடுகதிர்ப் படம் எடுத்தபின் அதன் உள்ளமைப்பு பெரிதும் விளங்கிற்று. பெரிய அகராதியின் அளவான மரப்பெட்டியுள் அடங்கிய அக்கருவி இன்று 82 துண்டுகளாக உள்ளது. எஞ்சிய பல்சக்கரங்கள் 30. கைப்பிடியைச் சுழற்ற, சூரிய சந்திரரின் நிலையை முன்முகத்து முட்கள் காட்டும். பின்முகத்தின் ஒரு சுருள் வட்டம் 19 ஆண்டுகளை 235 சந்திர மாதங்களோடு இசைவிக்கும். மற்றொன்று 223 மாதச் சுழற்சியால் கிரகணங்களை முன்னறிவிக்கும். சந்திரன் ஒரே சீராக ஓடாமல் விரைந்தும் தாழ்ந்தும் செல்வதைக் காட்டவும், ஒரு சக்கரத்தின் முளை மற்றொன்றன் நீள்துளையில் வழுக்கிச் செல்லுமாறு அமைத்துள்ளனர். ஒலிம்பியா முதலிய விழாப் பந்தயங்கள் நிகழும் ஆண்டைக் காட்டவும் ஒரு சிறு வட்டம் உண்டு. விண்ணையும் விளையாட்டையும் ஒரே பெட்டியில் வைத்தவர் கிரேக்கரன்றி யாவர்?

ஆர்க்கிமிடீஸ் செய்த கோளக்கருவியைப் பற்றி ஸிஸரோ எழுதியதை மிகைக்கூற்று என்று தள்ளியோர் இனி அவ்வாறு தள்ள இயலாது. ஆயினும் இவ்வகைக் கருவி இஃதொன்றே நமக்குக் கிடைத்துள்ளது. இக்கலம் கரை சேர்ந்திருந்தால் இதுவும் இராது.

1976இல் ஜாக் கூஸ்தோ அங்கு மூழ்கி எடுத்த பெர்காமம், எபேசு நகரங்களின் நாணயங்களால் கலம் ஏறக்குறைய கி.மு. 70க்கும் 60க்கும் இடையே மூழ்கியது என்று தெரிகின்றது. ஸிஸரோ தம் மாளிகைக்குக் கிரேக்கச் சிலைகளை வாங்கியனுப்புமாறு ஏதென்ஸிலிருந்த நண்பருக்கு எழுதிக்கொண்டிருந்த காலமும் அதுவே. 2012 முதல் அங்கே மீண்டும் ஆராய்ச்சி நடைபெற்றது. 2016 ஆகஸ்டில், சிதறிய சாடிகளுக்கிடையே மணலின் கீழ் மண்டையோட்டின் பகுதியும், பற்களுடன் தாடையும், கைகால் எலும்புகளும் வெளிப்பட்டன. அவற்றிற்குரியவன் மாலுமியோ, பயணியோ, அடிமையோ அறியக்கூடவில்லை. கரையில் அவனுக்கு யாரேனும் வெறுங் கல்லறை எழுப்பியிருந்தால், அதன்மேல் பொறித்த பெயரும் நமக்குத் தெரியாது.